இரண்டு மணி நேரத் தாமதம்

ஹெர்மினா லாத்துஹெரு பயந்த சுபாவக்காரி. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியில் வீடு திரும்புகிற ரகம். அம்போன் ஊரில், மீன்வள அலுவலகத்தில் பதினான்கு வருடம் கோப்பு புரட்டியவள், முப்பத்தெட்டு வயதில் கடலியலில் முதுகலை படிக்கப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் வாய்விட்டே சிரித்தார்கள். "கடல்தான் வாசல்லயே கெடக்கே, அதைப் போய் யாராச்சும் காலேஜ்ல படிப்பாங்களா?"

அவள் படிக்கப் போனதற்குக் காரணம் இருந்தது. தென்கிழக்குக் காற்று வீசும் மாதங்களில், உள் விரிகுடாவில் மிதக்கும் கூண்டுகளில் வளர்க்கும் களவா மீன்கள் ஒரே காலையில் வயிறு மேலே தெரியச் செத்து மிதக்கும். கூண்டுக்காரர்கள் அலுவலகத்துக்கு ஓடி வருவார்கள். அறிக்கை எழுதுவது ஹெர்மினாவின் வேலை. பதினான்கு வருடமும் கடைசி வரி ஒன்றுதான்: காரணம் தெரியவில்லை. எழுதி எழுதி அவளுக்கே கை கூசிப்போனது.

பல்கலைக்கழகம் தரும் அவகாசம் நான்கு வருடம். அதற்குள் முடிக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அலுவலகம் படிப்பு விடுப்பு கொடுப்பதும் ஒரே ஒரு தடவைதான். இப்போது நான்காவது வருடம், கடைசி மாதம், கடைசி வாரம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாய்மொழித் தேர்வு. அதை விட்டால் வேறு நாள் கிடையாது.

ஆய்வேடு தயாராகத்தான் இருந்தது. வெளிக் கடலின் குளிர்ந்த நீர் ஏற்றத்தோடு உள்ளே புகுந்துதான் மீனைக் கொல்கிறதோ என்பது அவள் சந்தேகம். போன வருடம் ஜூனில், கட்டைவிரல் அளவு வெப்பமானி ஒன்று ஜாவாவிலிருந்து பார்சலில் வந்தது. அதை ஓட விடும் கருவி அங்கேதான் இருந்ததால், அங்கேயே முடுக்கி அனுப்பியிருந்தார்கள். உள் விரிகுடாவில் களவாக் கூண்டு வைத்திருக்கும் கொழுந்தன் பிராமுடைய படகில் போய், வெளி விரிகுடாவும் உள் விரிகுடாவும் சேரும் குறுகலான வாயில், கல்லில் கட்டி அடியில் இறக்கினாள். எண்பத்திரண்டு நாள் அது அங்கே கிடந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீரின் சூட்டைக் குறித்துக்கொண்டது. எடுத்து ஜாவாவுக்கே திருப்பி அனுப்பினாள். எண்களை மின்னஞ்சலில் அனுப்பி வைத்தார்கள்.

அம்போன்காரர்களுக்கு ஒரு கணக்கு தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது. நாடு ஒன்றுதான் என்றாலும் ஜாவாவின் கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்னால் ஓடும்; அங்கிருந்து எது வந்தாலும் இரண்டு மணி நேரம் கூட்ட வேண்டும். ஜகார்த்தாக்காரன் தொலைக்காட்சியில் ஏழு மணிச் செய்தி என்றால் இங்கே ஒன்பது. அமைச்சர் பத்து மணிக்குப் பேசுகிறார் என்றால் இங்கே சாப்பாட்டு நேரம். ஹெர்மினாவும் அந்த எண்களைத் திறந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றிலும் இரண்டு மணி நேரம் கூட்டினாள்.

கூட்டிவிட்டுப் பார்த்தால் அதிசயம். கடலேற்றம் முட்டி நிற்கும்போது குளிர்ந்த நீர் உள்ளே வரவில்லை. அதற்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வருகிறது! அவளுடைய கைடு பேராசிரியர் ஹெலேன் துள்ளிக் குதித்தார். அடியில் கிடக்கும் பாறை மேடுதான் நீரைத் தடுத்துத் தாமதிக்கிறது என்று இருவரும் சேர்ந்து நாற்பது பக்கத்துக்கு விளக்கம் எழுதினார்கள். தலைப்பிலேயே "இரண்டு மணி நேரத் தாமதம்" ஏறிவிட்டது. ஹெலேன் போகிற கூட்டத்திலெல்லாம் அதைச் சொன்னார்.

ஹெர்மினா சும்மா இருக்காமல் பிராமுக்கு ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தாள். ஏற்றம் நிறையும் நேரத்தில் களவாவுக்கு இரை போடு, இரண்டு மணி நேரம் கழித்துக் குளிர் வரும்போது நிறுத்திவிடு என்று.

"அண்ணி, உங்க அட்டவணைப்படி போட்டா ஒண்ணுகூட வாயத் தொறக்க மாட்டேங்குது. எல்லாம் அடியில போய் ஒடுங்கிக் கெடக்குதுங்க" என்றான் பிராம்.

"நீ போடுற மீன் நாறிப்போனதா இருக்கும். நல்லதா வாங்கிப் போடு."

"நாறின மீனுன்னா அதுங்களுக்கு உயிரு அண்ணி."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படித்தவள் அல்லவா.

வியாழக்கிழமை மாலை ஆறு மணி. மழை பிடித்துக்கொண்டு பெய்தது. தேர்வாளர்களுக்கு நாளை கொடுக்க வேண்டிய பலகாரப் பெட்டிகளில், மீன் திணித்த பனாதா ரொட்டியை ஹெர்மினா எண்ணி எண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை எண்ணியும் மனசு ஆறவில்லை. கணவன் யோப்பி வாழைக்காய் வறுவலும் மிளகாய்த் துவையலுமாகத் தொலைக்காட்சி முன் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். பூப்பந்து இறுதிப் போட்டி.

திரையில் கோப்பையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அடப்பாவிங்களா! முடிஞ்சே போச்சா? போன்ல நாலுன்னு போட்டிருந்தான். ரெண்டைக் கூட்டி ஆறுக்கு ஒக்காந்தேன்."

"போன்ல காட்டுறது நம்ம நேரம் யோப்பி. அதுவே கூட்டித்தான் காட்டும்."

"அது கூட்டும்னு எனக்கென்ன தெரியும்? நான் என் பங்குக்குக் கூட்டினேன்!"

ஹெர்மினாவின் கையில் இருந்த பனாதா நழுவிக் கீழே விழுந்தது.

அந்த வெப்பமானியும் ஏற்கெனவே கூட்டித்தான் வந்திருந்ததென்றால்?

மடிக்கணினியைத் திறந்தாள். முதல் நாள் எண்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை; கருவி தண்ணீருக்குப் பழகட்டும் என்று வெட்டி எறிந்துவிடுவது வழக்கம். அவளும் வெட்டி எறிந்திருந்தாள். இப்போது ஜாவாக்காரர்கள் அனுப்பிய மூலக் கோப்பைத் தேடி எடுத்தாள். காற்றில் இருக்கும்வரை இருபத்தொன்பது பாகை. பிறகு ஒரே சரிவு. தண்ணீரில் விழுந்த கணம் அது. கோப்பில் மணி எட்டு பத்து. களக் குறிப்பேட்டைப் புரட்டினாள். மழையில் நனைந்து ஊறிய பென்சில் எழுத்து, அவள் கையெழுத்தேதான்: கருவி இறக்கியது, காலை எட்டு பத்து.

ஜாவாவில் எவரோ ஒரு புண்ணியவான், அம்மணிக்குச் சிரமம் வேண்டாமே என்று கடிகாரத்தை அம்போன் நேரத்துக்கே வைத்து அனுப்பியிருக்கிறார். அவள் அதன்மேல் இன்னும் இரண்டைக் கூட்டியிருக்கிறாள். தாமதம் கடலுடையது அல்ல. நான்கு வருடப் படிப்பும், நாற்பது பக்க விளக்கமும், தங்க எழுத்தில் அச்சடித்த ஐந்து பிரதிகளும் ஒரு கூட்டல் பிழையின் மேல் நின்றன.

யோப்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நிதானமாகக் கேட்டான். "இது வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வாய மூடிட்டுப் போய்ப் பட்டத்த வாங்கிட்டு வா. அப்புறம் மெதுவா திருத்திக்கலாம். நாளைக்குச் சொன்னா தொரத்தி விட்ருவாங்க மினா. மறுபடி லீவு தர்றதுக்கு அங்க யாரு இருக்கா?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. படுத்தால் பிராமுடைய களவாக்கள் அடியில் ஒடுங்கிக் கிடப்பது கண்ணுக்குள் வந்தது. ஏற்றம் நிறையும்போது இரை போடு என்றாளே. சரியாகக் குளிர் வந்து நிற்கிற நேரம் அது! மீன்கள் ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் அதே அட்டவணைதான் எல்லாக் கூண்டுக்காரர்களுக்கும் பரிந்துரையாக அச்சாகியிருந்தது. நாளை தேறிவிட்டால் அலுவலகம் அதை ஊர் ஊராக ஒட்டும். ஒட்டப் போவதும் அவள்தான்.

காலையில் வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை. இரண்டு கையிலும் பலகாரப் பெட்டி. பிழையைப் பற்றித் தேர்வாளர் கேட்டால் என்ன சொல்வது, கேட்காவிட்டால் என்ன செய்வது என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கேட்காவிட்டால் என்பதுதான் அதிக பயம் தந்தது.

அறையில் ஹெலேன், உள்ளூர்த் தேர்வாளர் ஒருவர், சுவரில் பெரிய திரை. ஜாவாவின் பண்டுங் நகரிலிருந்து திரை வழியாக வரவேண்டிய டாக்டர் குஸ்னாதி வரவில்லை. ஒன்பது ஆயிற்று. ஒன்பதே கால். உள்ளூர்த் தேர்வாளர் ஒரு பனாதாவை முடித்துவிட்டு வெளியே புகைக்கப் போனார். ஹெலேன் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து மேசையில் ஓங்கித் தட்டினார்.

"அழைப்புல காலை ஒன்பதுன்னு மட்டும் போட்டிருக்காங்க. எந்த ஊர் ஒன்பதுன்னு போடல. மனுஷன் அவர் ஊர் ஒன்பதுன்னு நெனச்சு இப்பதான் குளிக்கவே போறாராம். இந்த ரெண்டு மணி நேரத்தால எத்தனை பேர் பொழப்பு கெடுதோ!"

ஹெர்மினாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் அழுதாள். அழுதபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பார்சல், கூட்டல், எட்டு பத்து, களவா மீன். நனைந்த குறிப்பேட்டை எடுத்து ஹெலேன் முன்னால் வைத்தாள்.

ஹெலேன் அந்தப் பென்சில் எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"ஜகார்த்தா மாநாட்டுல இருநூறு பேர் முன்னால பீத்திக்கிட்டேன் ஹெர்மினா."

"தெரியும் மேடம்."

"நானும் மூலக் கோப்பைப் பாக்கல. பாத்திருக்கணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைப்பு போச்சு. நாற்பது பக்கம் போச்சு. எண்பத்திரண்டு நாள் அளவு போகல. மணி என்ன?"

"ஒன்பதரை."

"அவர் வர்ற வரைக்கும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. ஒக்காரு. எல்லாப் படத்துலயும் ரெண்டைக் கழி. அவர் வந்ததும் முதல் வாயில நீயே சொல்லு. தேறுறதும் தேறாததும் அப்புறம். அழுதா எண் தெரியாது, கண்ணத் தொடைச்சுக்கோ."

தேறுவாளா மாட்டாளா என்று அப்போதும் தெரியவில்லை. ஹெர்மினா கணினி முன் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கோட்டிலும் இரண்டைக் கழிக்க, குளிரின் பள்ளம் நகர்ந்து வந்து ஏற்றத்தின் உச்சிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. எண்பத்திரண்டு நாளும். பதினான்கு வருடமாகத் தெரியவில்லை என்று எழுதியவள் அதைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

பத்து ஐம்பதுக்கு எல்லாம் முடிந்தது. மீதியிருந்த பத்து நிமிடத்தில் பிராமுக்கு ஒரு செய்தி தட்டினாள். "அட்டவணை தப்பு. தப்பு என்னோடது, உன் மீன்மேல இல்ல. நாளைக்கு ஏத்தம் எட்டரைக்கு. ஏழரையிலேர்ந்து பத்து வரைக்கும் இரை போடாத."

திரையில் டாக்டர் குஸ்னாதியின் முகம் தெரிந்தது. ஈரத்தலையோடு கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெர்மினா எழுந்து நின்றாள். மேசைமேல் தொலைபேசி ஒளிர்ந்தது. பிராமுடைய பதில்.

"சரி அண்ணி. இது நம்ம மணியா, ஜகார்த்தா மணியா?"