அழாமல் நின்ற அம்மா

மாமா இறந்த செய்தி வந்ததும் பாரிசின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் எங்கள் ஒற்றை அறை வீட்டின் நடுவில் அம்மா குந்தியிருந்து, "என்ர அண்ணை!" என்று குரலெடுத்தார். மறுகுரல் எழுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி சுவரில் இடித்தாள். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "சரி, அங்கை போய் அழுறன்" என்றார். எண்பதுகளின் நடுப்பகுதி அது.

அம்மாவின் ஒரே அண்ணனான மாமா, இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தில் டொக்டராக இருந்தவர். நாங்கள் அகதிகள்; விசா எடுக்கவே நாட்கள் போய்விட்டன. நல்லகாலம், அந்த நாட்டில் உடலை மறுநாளே எடுத்துவிட மாட்டார்கள். கப்பலில் கடலைத் தாண்டும்போதும் அம்மா கலங்கவில்லை. எல்லாவற்றையும் அண்ணனின் காலடியில் கொட்டுவதற்கென்றே சேர்த்து வைத்திருந்தார்.

கிராமம் அழகுதான், மறுக்கமாட்டேன். கல் வீடுகள், வாசலெங்கும் ரோசாச்செடி, நாய் குரைத்தால் வளர்ப்பவர் மன்னிப்புக் கேட்கும் ஊர். தேவாலய வாசலில் மாமாவின் மகன், என் மச்சான், அம்மாவை ஓரமாகக் கூட்டிப்போனான். "மாமி, இஞ்சை சத்தம் போட்டு அழக்கூடாது. சனம் ஒரு மாதிரிப் பாக்கும். அப்பாவுக்கும் மரியாதை இல்லை." எங்கள் ஊர்ப்பக்கத்தில் கூடப்பிறந்தவள் தலையிலடித்து அழுவதுதான் செத்தவருக்குச் செய்யும் பெரிய மரியாதை. அதைச் சொல்ல எனக்கு வாய் துடித்தது. செத்தவீட்டில் சண்டை வேண்டாமென்று அம்மா என் கையை அழுத்தினார்.

பெட்டி குழிக்குள் இறங்கியபோது அம்மாவின் கழுத்து நரம்பு மட்டும் புடைத்துப் புடைத்து அடங்கியது. பிறகு தேநீரும் கேக்கும் தந்தார்கள். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அம்மாவின் கையைப் பிடித்து ஏதேதோ சொன்னார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பயந்துபோய் என் காதில் கேட்டார்.

"என்னவாம் தம்பி? கூடப்பிறந்தவள் அழேல்லை எண்டு கதைக்கினமோ?"

"இல்லையம்மா. நல்ல அடக்கமான மனுசி எண்டு மெச்சுகினம்."

"அழாததுக்கோ?"

அதன்பிறகு அவர் யாருக்கும் கை கொடுக்கவில்லை. பாரிசுக்குத் திரும்பியும் அழவில்லை. அண்ணன் பேச்சையே எடுப்பதில்லை. அந்தத் துக்கத்தை அப்படியே விழுங்கியவர், அதோடுதான் போய்ச் சேர்ந்தார். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

மச்சான் இப்போதும் இடைக்கிடை போன் எடுப்பான். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து நாலு நாள் நிற்கச் சொல்லுவான். நல்ல அமைதியான ஊராம்.

"ஓம், தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன்.