எழுபத்து மூணாவது கட்டம்

எங்க அத்தான் ராசப்பனை மட்டாஞ்சேரியில தெரியாதவங்க கிடையாது. கார்ப்பரேஷன்ல மதகுக்காரர். கால்வாய் வாயில இருக்கிற இரும்பு ஷட்டரை இறக்கினா காயல் தண்ணி தெருவுக்குள்ள வராது, ஏத்தினா சாக்கடைத் தண்ணி வெளிய போகும். இருபத்தாறு வருஷம் அந்தச் சக்கரத்தைச் சுத்தினவர். இப்போ ஐம்பத்தி நாலு வயசுல எர்ணாகுளம் பிராட்வே மார்க்கெட்ல மூட்டை தூக்குறார். சாயா குடிச்சிக்கிட்டு பொண்டாட்டியைச் சாகவிட்டவன்னு ஊரே சொல்லுது. அவர் பெத்த மகள் மகாவும் அதையேதான் சொல்றா. அந்தப் பேச்சு எனக்கு வந்து சேர வேண்டியது.

என் பேர் அமுதவள்ளி. செத்துப்போன மாடத்தி என் கூடப்பிறந்த அக்கா. எர்ணாகுளத்துல ஒரு ஆபீஸ்ல கான்ட்ராக்டுல டைப் அடிக்கிறேன். நாளைக்குக் காயல் எத்தனை சென்டிமீட்டர் ஏறும்னு கணக்குப் போடுற ப்ரோக்ராம் அங்க ஓடுது. ஃபோர்ட்ரான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதினது. அந்த மொழி பிறந்தே அறுபது, எழுபது வருஷமாச்சு. பேப்பர்ல எழுதுற சூத்திரத்தை ஏறக்குறைய அப்படியே மெஷினுக்குச் சொல்லணும்னு உண்டாக்கினாங்களாம். நல்லாத்தான் உண்டாக்கினாங்க. எங்க ப்ரோக்ராமை எழுதினவர் ரிட்டயராகி, செத்தும் போயாச்சு. அது மட்டும் ஒரு நாள் லீவு எடுக்கலை. அதைத் தொட யாருக்கும் துணிச்சலும் இல்லை.

அந்தக் காலத்துல ஒரு வரிக்கு ஒரு துளை போட்ட அட்டை, அட்டைக்கு எண்பது கட்டம். சொல்ல வேண்டியதை எழுபத்திரண்டு கட்டத்துக்குள்ள சொல்லிடணும். மிச்சம் எட்டும் அட்டைக்கு நம்பர் போட. கட்டு கைதவறி விழுந்தா திரும்ப வரிசையா அடுக்கணுமே, அதுக்கு. மெஷின் அந்த எட்டையும் படிக்காது. அட்டையை இப்போ யாரு கண்டா? ஆனா எங்க ப்ரோக்ராமுக்கு இன்னைக்கும் எழுபத்திரண்டோட கண்ணு அவிஞ்சு போகும். படிக்காம விட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லவும் சொல்லாது. இதெல்லாம் நான் பின்னாடி தெரிஞ்சுக்கிட்டது. முதல்ல எங்க ஆபீஸ் சுனிதா மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். "இதில் நடுவுல இடம் விட்டாலும் விடலைன்னாலும் ஒண்ணுதான் அமுதா, பேடிக்கண்டா." பயப்படாதேன்னு அர்த்தம்.

அவங்க சொன்னது பொய்யும் இல்லை.

விருச்சிக மாசம், அதான் நம்ம கார்த்திகையில, வேலியேற்றம் வரும், காயல் பொங்கி வீட்டுக்குள்ள ஏறும். அது வருஷா வருஷம் கூடுதுன்னு இந்தத் தடவை கணக்குக்கு மேல முப்பது சென்டிமீட்டர் சேர்க்கச் சொன்னாங்க மேடம். ஒரு நீள வரியோட கடைசியில ஒரு கூட்டல் குறி, ஒரு முப்பது. இவ்வளவுதான் வேலை. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவ. குறிக்கு அப்புறம் ஒரு இடம் விடாம என் விரல் நகராது. விட்டேன். ஓட்டிப் பார்த்தேன், ஒரு முனகல் இல்லாம ஓடிச்சு.

சாயங்காலம் எப்பவும் போல அத்தான் போனுக்கு மறுநாள் கணக்குச் சீட்டு போச்சு. நாளைக் காலை 96. நூத்திப்பத்து தாண்டினாத்தான் ஷட்டரை இறக்கணும், வீடு வீடாச் சொல்லணும். இடுப்பெலும்பு முறிஞ்சு அக்கா படுத்த படுக்கையா இருந்தா. நூத்திப்பத்துன்னா அத்தான் கட்டில் காலுக்குச் செங்கல் வைப்பார், தரையில கிடக்கிற ஒயரைக் கழட்டி மேல மாட்டுவார். தொண்ணூத்தாறுக்கு எதுவும் வேண்டாம். காலையில மதகுக்குப் போயி, பக்கத்துக் கடையில சாயா வாங்கிக்கிட்டு உக்காந்தார். மகா முழங்கால் தண்ணியில ஓடி வந்து நின்னப்போ கிளாஸ் அவர் கையில இருந்துச்சு. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அக்கா கை கட்டில்லேர்ந்து தண்ணிக்குள்ள தொங்கிட்டிருந்துச்சு. கரண்ட் அடிச்சு உயிர் போயிருந்துச்சு. அன்னைக்குக் காயல் ஏறினது 123.

விசாரணையில, "சீட்டு வெறும் உத்தேசம்தான், கண்ணை எதுக்கு வெச்சிருக்கே?"ன்னு கேட்டாங்க. வேலை போச்சு. எங்க ஆபீஸ்ல, காத்துனால வந்த வித்தியாசம்னு எழுதி மூடிட்டாங்க. நானும் நம்பினேன். நடுத்தெருவுல நின்னு, "நீயெல்லாம் ஒரு மனுஷனா"ன்னு அத்தானைக் கேட்டவ நான். மகாவைச் சுள்ளிக்கல்ல இருக்கிற என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

அப்புறம் ஒரு நாள் ஆபீஸ்ல சீட்டையும் நிஜ அளவையும் பக்கத்துல பக்கத்துல டைப் அடிக்க வேண்டி வந்துச்சு. சீட்டுல தினமும் குறைச்சல், தினமும் ஏறக்குறைய இருபத்தேழு. அதென்ன காத்து, அளந்து வெச்ச மாதிரி அடிக்குது? என் வரியைத் திறந்தேன். நான் விட்ட இடம் கடைசிப் பூஜ்யத்தை எழுபத்து மூணாவது கட்டத்துக்குத் தள்ளியிருந்துச்சு. மெஷின் முப்பதைப் பார்க்கலை, மூணைத்தான் பார்த்துச்சு. அந்த இடத்தை அழிச்சேன். ஒரு விநாடி வேலை. அக்காவுக்கு நாப்பத்தொன்பது வயசு.

அத்தானோட அப்பீலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். நடந்ததை நடந்தபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டு வெச்சேன். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை மகளைப் பார்க்க அத்தான் வந்தார். மகா அடுக்களையில இருந்தா, வெளிய வரலை. அவருக்கு மலையாளம் படிக்க வரும், நான் எழுதியிருந்த இங்கிலீஷ் வராது. நான்தான் காதோரமா தமிழ்ல வாசிச்சுக் காட்டினேன்.

"ஒரே ஒரு இடமா?"ன்னு கேட்டார்.

ரெண்டு விரலை வெச்சு எவ்வளவுன்னு காட்டினேன். ஒரு எழுத்து அகலம். அவர் அந்த விரலையே பார்த்துக்கிட்டிருந்தார். நாலு அறை விட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

"இதை வேற யாரு பார்த்தா?"

"யாரும் இல்லை அத்தான். நாளைக்கே கொண்டு போய்க் கொடுக்கிறேன். உங்க வேலை திரும்பக் கிடைச்சிடும்."

பேப்பரை என் கையிலேர்ந்து வாங்கி நாலா மடிச்சு, சட்டைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டார்.

"என்னை அவ வெறுத்தாச்சு அமுதா. அது முடிஞ்சுபோன காரியம். உன்னையும் வெறுத்துட்டா அந்தப் புள்ள யாருகிட்டப் போயி நிக்கும்?"

"அதுக்காக நீங்க சாகுற வரைக்கும் மூட்டை தூக்குவீங்களா?"

"தூக்குறேன். நீ வாயைத் திறக்காதே. உங்க அக்கா மேல ஆணை."

அவர் சொல்லி முடிக்கல, மகா வெளிய வந்தா. கையில ஒரே ஒரு கிளாஸ். அப்பா உக்காந்திருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"சித்தி, சாயா"ன்னு என்கிட்ட நீட்டினா.

நான் அத்தானைப் பார்த்தேன். வாங்கிக்கோன்னு தலையசைச்சார். வாங்கினேன். அவர் முன்னாடியே குடிச்சு முடிச்சேன்.