தீர்த்தம்மாள் போடாத கையெழுத்து

மாரண்டஹள்ளியிலிருந்து ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில் முதல் ஆளாக ஏறுகிறவள் தீர்த்தம்மாள். காலை ஐந்தே முக்காலுக்கு. வண்டிகளுக்கு வேண்டிய வயர்க் கட்டுகள் தயாராகும் தொழிற்சாலையில் பதினொரு வருட வேலை. பத்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் கைக்கு வரும் எந்தத் தாளையும் கடைசி வரிவரை படிக்காமல் விடமாட்டாள்.

2023 ஜூன் மாதம். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் மாதவராஜ் கேன்டீனுக்கு வந்து மைக்கைப் பிடித்தார்.

"இனிமே வாரத்துல நாலே நாள்தான் வேலை. மூணு நாள் லீவு. சந்தோஷமா?"

கைதட்டல் அடங்கிய பிறகுதான் அந்த நாலு நாளும் பன்னிரண்டு மணி நேரம் என்றார். மறுநாள் சூப்பர்வைசர் சம்மதக் கடிதங்களோடு வந்தார். எல்லாம் ஆங்கிலத்தில்.

"தமிழ்ல குடுங்க சார். படிச்சுட்டுப் போடறேன்."

"எல்லாரும் போட்டாச்சும்மா. உனக்கு மட்டும் என்ன?"

"அது அவங்க கையெழுத்துங்க. இது என்னுது."

கடிதத்தை மடித்து எடுத்துப் போனாள். வீட்டில் போனில் படம் பிடித்து, மொழிபெயர்த்துப் பார்த்தாள். மூன்றாவது பத்தியில் இருந்தது விஷயம்: கம்பெனிக்குத் தேவை என்றால் அந்த மூன்று நாளிலும் கூப்பிடலாம், அது ஓவர்டைமாகாது.

மறுநாள் பஸ்ஸில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். சிலர் போனை வாங்கிப் பார்த்தார்கள். அம்பிகா மட்டும் சீறினாள். ஓசூர் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த அவள், அன்று ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள்.

"எங்கொழந்த பென்னாகரத்துல எங்கம்மாகிட்ட இருக்குதுக்கா. வாரத்துல ஒரு நாள்தான் பாக்கறேன். மூணு நாள் கெடைக்கும்னா நீ ஏன் கெடுக்கற?"

தீர்த்தம்மாளுக்குச் சுருக்கென்றது. அம்பிகா சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "உனக்கு வேணும்னா கேளு அம்பிகா. படிச்சுப் பாத்துட்டுக் கேளு. படிக்க விடாம வாங்கறதுக்குப் பேரு சம்மதமில்ல."

அந்த வாரமே தீர்த்தம்மாளை வயர் கட்டும் லைனிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். நாள் முழுக்க நின்றபடி பெட்டி தூக்கும் வேலை. கால் வீங்கியது. கணவர் சென்றாயன், "போட்டுத் தொலச்சுட்டு வா, எதுக்கு வம்பு?" என்றார். "நின்னே பழகிக்கறேன்" என்றாள் இவள். அறுபத்து மூன்று பேர் கையொப்பத்தோடு தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு அனுப்பினாள். அங்கிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததும் மாதவராஜ் அவளைக் கூப்பிட்டார்.

"பெரும்பாலானவங்க விரும்பறாங்கம்மா. அப்படித்தான் பதில் எழுதப் போறேன்."

"அப்ப எண்ணிப் பாத்துரலாம் சார். பேர் போடாத சீட்டு. பெட்டி வெய்யுங்க."

"ஓட்டெடுப்பு நடத்தணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"ஒரு நாளைக்கு ஒம்போது மணி நேரந்தான்னு சட்டத்துல இருக்குதுங்களே. அத மட்டும் நீங்க மாத்தலாம்ங்களா?"

மாதவராஜுக்குச் சங்கடமோ, அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயமோ, பத்தாம் நாள் கேன்டீனில் பெட்டி வைத்தார்கள். சூப்பர்வைசர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று தீர்த்தம்மாள் பிடிவாதமாக நின்றாள். நின்றார்கள். எல்லோர் முன்னிலையிலும் சீட்டுகளைப் பிரித்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்று நாற்பத்தொன்பது பேர் வேண்டாம் என்றிருந்தார்கள். அப்படியென்றால் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களிலேயே பாதிக்கு மேல்!

திட்டம் கைவிடப்பட்டது. அம்பிகா மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. நாலாவது வாரம், மாதம் ஒருமுறை இரண்டு நாள் சேர்த்து ஊருக்குப் போக அனுமதி கேட்டு, தானே மனு எழுதி எடுத்து வந்தாள். "பாத்துக் குடுக்கா, தப்பு கிப்பு இருக்கப் போவுது" என்று நீட்டினாள். தீர்த்தம்மாள் திருத்தித் தந்தாள். அந்த மனு ஏற்கப்பட்டது.

தீர்த்தம்மாளைப் பழைய லைனுக்கு இன்னும் மாற்றவில்லை. அதற்கு அவள் எழுதிய முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை. சென்ற திங்கட்கிழமை மூன்றாவதைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை குத்தித் தரும்வரை மாதவராஜ் அறையின் வாசலிலேயே நின்றாள்.