கட்டில் எண் போட்ட தட்டு

அந்த மருத்துவமனையில் ஊசி அக்காவிடம் கை நீட்டாதவர்கள் குறைவு. இருபத்து நான்கு வருஷமாகப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறவள். போதாக்குறைக்கு, அதைப் பற்றியே ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிந்திருந்தாள். "பட்டம் வாங்கினப்புறமாவது வலிக்காம குத்துவியா?" என்று கணவர் கேலி செய்வார். செய்யட்டும். ஒருவர் ரத்தக் குப்பியில் இன்னொருவர் பெயர் ஒட்டப்பட்டு, அழுகிற குழந்தையை மறுபடியும் குத்த வேண்டியிருக்கிறதே, அந்தக் கொடுமை அவருக்கு எங்கே தெரியும்?

வழிகாட்டிகள் இரண்டு பேர். ஒரு பொருளைச் செய், சோதித்துப் பார், எண்ணைக் காட்டு என்பார் பொறியியல் பேராசிரியர். வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து பேசு, சேர்ந்து மாற்று, பார்த்துவிட்டு மறுபடி மாற்று என்பார் செவிலியர் கல்லூரிப் பேராசிரியை. இருவருக்கும் ஏழாம் பொருத்தம். நடுவில் இவள் பாடு திண்டாட்டம். ஏழு வருஷம் ஓடிவிட்டது. இந்த வருஷத்துக்குள் ஆராய்ச்சிக் குழு ஏற்காவிட்டால் பதிவே ரத்து.

முதலில் பேராசிரியர் சொன்னபடி, கட்டில் எண் போட்ட குழிகளோடு ஒரு தட்டு செய்து முதல் வார்டில் கொடுத்தாள். மாதம் முப்பது தவறு நடந்த இடத்தில் பன்னிரண்டு. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கோடை பிறந்த அடுத்த மாதம் இருபத்தெட்டு! தட்டு சரி, ஆட்கள்தான் சரியில்லை என்று அவர் கையை உதறிவிட்டார். இரண்டாவது வார்டில் தட்டே இல்லாமல் செவிலியர்களோடு பேசி, பெயரைக் கேட்டுத்தான் ஒட்டுவது என்று முடிவு செய்தார்கள். தவறு பதினைந்துக்கு இறங்கி அங்கேயே நின்றது. கூட்டம் முட்டும் நேரத்தில் குப்பிகள் கலந்துவிட்டன.

மண்டை காய்ந்துபோய் முதல் வார்டில் ஒரு நாள் முழுக்க நின்றாள். வெயில் ஏறியதும் ஆறாம் கட்டில்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஒன்பதுக்குப் போனார். ஒன்பது சமர்த்தாக ஆறுக்கு வந்தது. ஒன்பதுக்கு மேலேதான் மின்விசிறி.

"மதியம் ஆனா பாதிப் பேரு இடம் மாறிடுவாங்கக்கா. தட்டுல நம்பர் இருக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் வார்டு செவிலி, ஊருக்கே தெரிந்த விஷயம்போல. இத்தனை வருஷம் குத்தியும் இது கண்ணில் படவில்லையே என்று அக்காவுக்கு வெட்கமாகப் போயிற்று.

மூன்றாவது வார்டில் எண்களை அழித்துவிட்டு, வெறும் குழித்தட்டைச் செவிலியர் கையில் கொடுத்து, எப்படி வேண்டுமோ மாற்றுங்கள் என்றாள். ஒவ்வொரு குழியருகிலும் பெயர்ச்சீட்டுக்கு இடம் கேட்டார்கள். பெயரைக் கேட்டு, குப்பியில் ஒட்டி, குழியில் வைத்த பிறகுதான் அடுத்த ஆள். மூன்று மாதம் எண்ணினாள். எந்த மாதமும் தவறு மூன்றைத் தாண்டவில்லை.

குழு கூடிய அன்று தலைவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இது எந்த முறை, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். வழிகாட்டிகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கத் தொடங்க, அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, தட்டு மட்டும் இருந்த வார்டு, பேச்சு மட்டும் இருந்த வார்டு, ரெண்டும் சேர்ந்த வார்டு. உங்க பேத்திய எதுல சேர்ப்பீங்க? அந்த முறைன்னு எழுதிக்குங்க."

தலைவர் மூன்றாவது வார்டின் எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு முறைக்கு மற்றது ஏன் தேவைப்பட்டது என்று கூடுதலாக ஓர் அத்தியாயம் எழுதச் சொல்லிவிட்டு, பதிவு தொடரலாம் என்று கையெழுத்துப் போட்டார். அக்காவுக்குக் கண் கலங்கியது. அதை அவள் மறைக்கவும் இல்லை. எப்போது முடிப்பீர்கள் என்றதற்கு, மற்ற இரண்டு வார்டையும் சரிசெய்துவிட்டுத்தான் எழுத உட்காருவேன் என்றாள்.

வராந்தாவில் பொறியியல் பேராசிரியர் பின்னாலேயே வந்தார். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட வார்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் போறீங்க?" என்று கேட்டார். "நானும் வரேன்."