காப்புக் கட்டிய கை

எனக்கு எதற்கும் பயம்தான். கேஸை மூடினேனா என்று படுத்த பிறகும் எழுந்து போய்ப் பார்க்கிற ஆள். எட்டாவதோடு படிப்பை விட்டவள் என்பதால் இதை எழுதவும் பயமாக இருக்கிறது. ஆனாலும் அக்கா ஓடிய அந்தக் கோடையைச் சொல்லிவிட வேண்டும். அப்போது எனக்கு ஆறு வயது. அக்கா பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள்.

எங்கள் ஊர் திருப்பனந்தாளுக்குக் கொஞ்சம் தள்ளி. ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு சரி. அதற்கு மேல் பஸ் ஏறிப் போக வேண்டும்; பஸ் ஏறிப் போகிற பெண்ணைப் பற்றி அம்மாவுக்கு ஆயிரம் கவலை. அக்கா நன்றாக ஓடுவாள். கும்பகோணத்தில் நடக்கும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், சாப்பாடு போட்டுப் பன்னிரண்டாவது வரை படிக்க வைப்பார்கள் என்று பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னார். வராவிட்டால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மாமா கொண்டுவந்த மாப்பிள்ளை ஜாதகம் ஒன்று சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது.

போட்டி காலை பத்து மணிக்கு. "வெயில்ல ஓடணும்னா வெயில்லதான் பழகணும்" என்று டீச்சர் சொல்லியிருந்ததால், மற்றவர்கள் வீட்டுக்குள் ஒதுங்குகிற நேரத்தில் அக்கா கிளம்புவாள். உளுந்து எடுத்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்தது. காய்ந்த வாய்க்காலின் கரையில், அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் ஈரத் துண்டோடு ஓடுவாள். நான் புங்கமரத்தடியில் சொம்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பேன். அங்கே ஆடு மேய்க்கிற பெரியவருக்கு அவளைப் பார்த்தாலே வாய் சும்மா இருக்காது.

"வாய்க்கால்லதான் தண்ணி ஓடல. நீயாச்சும் ஓடு பாப்பா!"

"தண்ணி வந்தாலும் என்னைப் பிடிக்க முடியாது பெரியப்பா!" என்று ஓடிக்கொண்டே சொல்வாள்.

ஒருநாள் அப்படிச் சொல்லாமலே கடந்து போனாள். கொஞ்ச தூரத்தில் முழங்கால் மடிந்து விழுந்தாள். நான் போட்ட கூச்சலில் அம்மா வெறுங்காலோடு ஓடிவந்து, அவள் தலையை மடியில் போட்டு, சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்தாள்.

"தாயே மாரியம்மா, எம்புள்ள எந்திரிச்சு அந்த ஓட்டத்துல ஜெயிக்கட்டும். இந்த வருசத் திருவிழாவுல அவளே உனக்குப் பால்குடம் எடுப்பா!"

அக்கா கண் திறந்தாள். இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு மறுபடி ஓடப் போனாள். அம்மாவால் தடுக்க முடியவில்லை. நேர்ந்துகொண்டதில் ஓட்டமும் சேர்ந்துவிட்டதே.

பால்குடம் எடுக்கிறவர்கள் முன்கூட்டியே கோயிலில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். மஞ்சள் கிழங்குத் துண்டை முடிந்த கயிறு. அக்கா கையை நீட்டிக் கட்டிக்கொண்டாள். இனி ஜெயித்த மாதிரிதான் என்று எங்களுக்கெல்லாம் சந்தோஷம். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அடுத்த வீட்டுப் பெரியம்மா கேட்டாள்.

"ஏண்டி, காப்புக் கட்டினவ ஊர் எல்லையத் தாண்டக் கூடாதே. கும்பகோணத்துக்கு எப்படிப் போவா?"

"ராத்தங்கத்தானேக்கா கூடாது? போயிட்டுப் பொழுதோட வந்துட்டா..." என்று அம்மா இழுத்தாள்.

"அது ஊர்க்காரங்களுக்குடி. காப்புக் கட்டினவளுக்குக் குடம் எடுக்கிற வரைக்கும் எல்லைதான். மீறினா அவளுக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டுல சின்னதுக்குத்தான் அம்மை போடும்" என்று பெரியம்மா என்னைப் பார்த்தாள்.

போட்டி சனிக்கிழமை. பால்குடம் ஞாயிற்றுக்கிழமை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா பூசாரியிடம் போய்க் கேட்டார். கட்டுவதுதான் தன் வேலை, குடம் இறங்காமல் அவிழ்க்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். திரும்பி வந்த அப்பா, "சாமி புள்ளைங்களைக் கெடுக்காது. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அக்கா அன்றைக்கும் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை நானும் வருவேன் என்று அழுது மொபெட்டில் ஏறிக்கொண்டேன். அப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் நான். அம்மா வாசலில் நின்று கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். மதகைத் தாண்டியதும் எல்லைக் கல் தெரிந்தது. முதுகு அரிக்கிறது என்று நான் நெளிந்தேன். சொறிந்துவிட என் கவுனின் கழுத்தை விலக்கிய அக்காவின் விரல் அப்படியே நின்றது.

"அப்பா, வண்டிய நிறுத்துங்க."

இறக்கிவிட்டு என் முதுகைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது.

"வேர்க்குருவாட்டம்தான் இருக்கு. நேரமாச்சு, ஏறும்மா" என்றார் அப்பா.

"அம்மையா இருந்தா?"

"நாமதான் இன்னும் எல்லையே தாண்டலையே!"

"தாண்டலப்பா. அதனாலதான் நிக்கிறேன்."

கும்பகோணம் பஸ் ஒன்று எங்கள்மேல் புழுதியை வாரிப் போட்டுவிட்டுக் கல்லைக் கடந்து போனது. அது மறைகிற வரைக்கும் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இன்னொரு தடவை கூப்பிடவில்லை. என் முதுகை அவரும் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

கும்பகோணம் போய் ஐஸ்கிரீம் தின்னலாம் என்று வந்த எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "தோத்துருவோம்னு பயந்துட்டே நீ. பயந்தாங்கொள்ளி!" என்றேன். "ஆமாண்டி" என்று சொல்லி, வழி முழுக்க என் கழுத்தில் ஊதிக்கொண்டே வந்தாள்.

அம்மா என்னை வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தாள். மறுநாள் அக்கா பால்குடம் எடுத்தாள்; பூசாரி காப்பை அவிழ்த்தார். அப்பா மட்டும் பிடிவாதமாக நுங்கு வாங்கி வந்து, அந்தத் தண்ணீரை என் உடம்பில் தடவிக்கொண்டே இருந்தார். புதன்கிழமைக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

"வெறும் வேர்க்குருதாண்டி! இங்க வந்து பாரேன்!" அம்மா சிரித்துக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டாள்.

அக்கா வந்து என் முதுகை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. பிறகு அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கரையில் விழுந்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு உடம்பு சரியானதற்கு இவள் எதற்கு அழுகிறாள்? அக்காவுக்கு என்மேல் ஆசையே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கு முழுதும் நான் அவளோடு பேசவில்லை.