ஓரடித் தண்ணீர்

ஃப்ளோரியன் மசுரெக்கைப் பற்றி நல்லதாக நாலு விஷயம் சொல்லச் சொன்னால் நான் இரண்டோடு நின்றுவிடுவேன். இருபத்தேழு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினான், ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புகூட இல்லை. மனைவி பெர்னடீனை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினான். அவ்வளவுதான். மற்றபடி வீம்பு பிடித்தவன், வாய்க்கொழுப்பு ஜாஸ்தி, எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை அவனுடையதாக இருந்தாக வேண்டும். பஃபலோவில் இத்தனை தெருக்கள் இருக்க, கடவுள் அவனை என் வேலிக்கு அடுத்துத்தான் கொண்டுவந்து குடிவைத்தார்.

பெர்னடீனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்த வருடம் அவன் கொல்லையில் அந்த நீச்சல் தொட்டியை நிறுத்தினான். குழி தோண்டுகிற வகை இல்லை. புல்தரைமேல் நாலடி உயரத்துக்கு வட்டமாகத் தகரச் சுவர், உள்ளே நீல பிளாஸ்டிக் விரிப்பு. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இருப்பதுதான். மற்றவர்களுக்கு அது கோடை விளையாட்டு. பெர்னடீனுக்கு அதுதான் கால். தரையில் வாக்கரைப் பிடித்துப் பத்தடி வைப்பதற்குள் மூச்சு வாங்கும். தண்ணீரில் இறக்கிவிட்டால் யார் கையும் பிடிக்காமல் நாற்பது சுற்று நடப்பாள். ஒவ்வொரு சுற்றையும் சத்தமாக எண்ணுவாள், எனக்குக் கேட்கும்.

அக்டோபர் வந்தால் தொட்டியை மூட வேண்டும். மருந்து போட்டு, ஓரடித் தண்ணீரை மட்டும் இறக்கி, நடுவில் காற்றுத் தலையணையை மிதக்கவிட்டு, மேலே உறையைப் போட்டுக் கம்பியால் இறுக்க வேண்டும். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து விரியும்போது பனிக்கட்டி தன் கோபத்தைத் தலையணைமேல் காட்டும், சுவர் பிழைக்கும். அந்த ஓரடிக்கு மேல் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. சுவர் தண்ணீரைத் தாங்குவதில்லை, தண்ணீர்தான் சுவரைத் தாங்குகிறது. இது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும்.

அந்த ஓரடித் தண்ணீர் வருடா வருடம் என் வீட்டு நிலவறைக்குத்தான் வரும். போன அக்டோபரிலும் வந்தது. ஃப்ளோரியன் புல்லில் உட்கார்ந்து கன்னம் சிவக்கத் தலையணையை ஊதிக்கொண்டிருந்தான். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. நான் வேலிக்குப் போனேன்.

"யோவ், குழாயைத் தெருப்பக்கம் திருப்பினா கை ஒடிஞ்சிடுமா?"

"பள்ளம் உன் பக்கம் இருக்கு நார்பர்ட். நான் என்ன தண்ணிக்கு அட்ரஸ் எழுதியா அனுப்புறேன்?"

"இன்னொரு தடவை ஈரம் பார்த்தேன், நகராட்சிக்கு எழுதிப் போட்டுடுவேன்."

"எழுதுய்யா. இந்தத் தடவையாவது எழுத்துப் பிழை இல்லாம எழுது. போன மனுவைப் படிச்சு ஆபீஸே சிரிச்சுதாமே!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் பதில் தேடுவதற்குள் பெர்னடீன் வாசலிலிருந்து கத்தினாள்.

"ஃப்ளோரியன்! எக்ஸ்ரேக்கு நேரமாச்சு. அந்த ஆளோட மல்லுக்கட்டினது போதும், வா!"

அவன் குழாயை வெடுக்கென்று இழுத்துத் தெருச் சாக்கடைப் பக்கம் எறிந்தான். "இந்தா, குளிர்ந்துச்சா உன் மனசு?" என்றான். பெர்னடீனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

பம்ப்பை நிறுத்தவில்லை.

அரை மணியிலேயே ஓரடி இறங்கிவிட்டது. என் சமையலறை ஜன்னலிலிருந்து விரிப்பில் பழைய நீர்மட்டத்தின் கறைக்கோடு தெரிந்தது. பிளக் வேலிக் கம்பத்தில்தான் இருக்கிறது, கை நீட்டினால் எட்டும். என் பக்கம் தண்ணீர் வந்திருந்தால் ஓடிப்போய்ப் பிடுங்கியிருப்பேன். வரவில்லையே. தெருவுக்கல்லவா போகிறது! ஓடட்டும் என்று காபி போட்டேன். இரண்டு நாள் குழாயைப் பிடித்து நிரப்பட்டும், அப்போதுதான் வாய் அடங்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அதற்கு மேல் நினைக்கவில்லை.

மதியம் ஈரி ஏரியிலிருந்து காற்று கிளம்பியது. சுவர் ஒருமுறை உள்ளே குழிந்து டமாரென்று திரும்பியது. நான் எழுந்து கதவுக் கைப்பிடியைப் பிடித்தேன். எழுத்துப் பிழை என்றானே, அந்தப் பயல்! கை அப்படியே நின்றது. இரண்டாவது காற்றில் தகரம் மடிந்தது. விரிப்பு கிழிந்து, மிச்சத் தண்ணீர் அத்தனையும் என் கொல்லைக்கே வந்தது. காற்றுத் தலையணையும் பறந்து வந்து என் ரோஜாச் செடியில் மாட்டிக்கொண்டது.

மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். நான் தலையணையை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். ஃப்ளோரியன் கத்துவான் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவன் கத்தவில்லை. மடிந்த தகரத்தைத் தொட்டுப் பார்த்தான். அதை இனி நிமிர்த்த முடியாது.

"பம்ப்பை நிறுத்தாமப் போயிட்டேன், பெர்னி. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்றான். பிறகு என் கையிலிருந்து தலையணையை வாங்கிக்கொண்டான். "நீயும் வீட்டுல இல்லாமப் போயிட்டியே நார்பர்ட். இருந்திருந்தா பிளக்கைப் பிடுங்கியிருப்ப."

"ஆமாம்ப்பா. வெளியே போயிருந்தேன்" என்றேன்.

பெர்னடீன் வாக்கரில் சாய்ந்தபடி என் முன்வாசலைப் பார்த்தாள். என் கார் காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணாடி முழுக்க மேப்பிள் இலை ஒட்டிக்கிடந்தது.

"நடந்தா போன, நார்பர்ட்?" என்று கேட்டாள்.

அவள் வாக்கரைத் திருப்பி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். வாசலுக்குப் போவதற்குள் மூன்று தடவை நின்றாள்.