சிங்கிக்கு மேல் ஓர் ஆணி

எங்கள் வீட்டுக் குசினியில் சமையல் மேடை நடுவில் ஒரு படி ஏறும். அடுப்புப் பக்கம் முப்பது அங்குலம், சட்டி கழுவும் சிங்கிப் பக்கம் முப்பத்தாறு. அந்த ஒரு படிக்கு மட்டும் நானூற்றைம்பது வெள்ளி தனியாகக் கொடுத்தோம். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதும் அதைப் பற்றித்தான்.

எல்லாம் அம்மாவின் பலகையில் தொடங்கியது. செம்பனைத் தோட்டத்தை விட்டு வந்தபோது அப்பா செலண்டாரில் வாங்கிய மலிவு விலை வீடு இது. எங்களுக்கு முன்பு இங்கே இருந்தவர் சிமெண்டு மேடையின் மேல் டைல்ஸ் ஒட்டி, அது பிடிக்காமல் அதன் மேல் இன்னொரு டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அப்பாவுக்கு உயரம் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அம்மாவுக்கு நாலடி ஒன்பது அங்குலம். மேடை அம்மாவின் முழங்கைக்கு மேலே நின்றது. அதனால் கீழே ஒரு பலகையைப் போட்டு, அதில் ஏறி நின்றுதான் சட்டி கழுவுவார்.

ஒரு சனிக்கிழமை ஈரத்தில் அந்தப் பலகை வழுக்கியது. அம்மா குழாயைப் பிடித்தார். குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் காலண்டர் வரைக்கும் பீய்ச்சி அடிக்க, அப்பா வெளியே ஓடி மீட்டர் குழாயை அடைத்தார். நனைந்த சேலையோடு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விழுந்திருந்தால்?

அன்றே முடிவு செய்தேன். என் போனசையும் சேமிப்பையும் சேர்த்தால் நாலாயிரம் வெள்ளி இருந்தது. சிங்கியையும் மேடையையும் மாற்ற வேண்டும், அம்மா தரையில் நின்றே வேலை செய்ய வேண்டும். ஆனால் ஒரே ஒரு தடவைதான் கட்ட முடியும். அளவு தப்பினால் இடித்துத் திரும்பக் கட்ட என்னிடம் காசு கிடையாது.

அளவு தப்பாது என்றுதான் நினைத்தேன். அளப்பதுதானே என் தொழில். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு உருப்படிகளை அளந்து தேறியது, தேறாதது என்று பிரிக்கிறேன். வாரநாட்களில் அங்கேயே நண்பர்களோடு வாடகை அறை. சனி, ஞாயிறு வீடு.

முதலில் ஆயர் குரோவில் ஒரு கடையில் விலை கேட்டேன். குவாட்ஸ் கல் மேடை, கீழே அலமாரி, எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம்.

“குசினிக்குச் சொன்னானா, வீட்டுக்கே சொன்னானா?” என்றார் அப்பா.

அடுத்தவர் வீட்டைப் பார்க்காமலேயே போனில் இரண்டாயிரத்து எண்ணூறு சொன்னார். டைல்ஸ் மேடை. “இடுக்குல மஞ்சத்தூளு ஏறுனா போவாது” என்று அம்மா தலையாட்டிவிட்டார்.

மூன்றாவதாகக் கிடைத்தவர் புலாவ் செபாங்கில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் குத்தகையாளர். அம்மா வேலை செய்யும் கேண்டீனில் ஒருவரின் சொந்தக்காரர். பத்தடி கிரானைட், எவர்சில்வர் சிங்கி, புதுக் குழாய், பழையதை உடைத்து அள்ளிப் போடுவது எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நானூறு. வேலை தொடங்குமுன் நேரில் வந்து அளவு எடுப்பேன் என்றார்.

அவர் வருவதற்குள் நான் படம் வரைந்துவிட்டேன். அம்மாவைச் சுவரோரம் செருப்பில்லாமல் நிற்கவைத்து, முழங்கையிலிருந்து கீழே அளந்து, மேடை முழுக்க முப்பது அங்குலம் என்று எழுதினேன். அப்பா அதை எட்டிப் பார்த்தார்.

“முப்பதா? மாடு தண்ணி குடிக்கிற தொட்டி மாதிரி இருக்கும்லா.”

“அம்மாவுக்கு அதுதாம்ப்பா சரி.”

“சிங்கியாவது ஒசரமா இருக்கட்டும்டா. தண்ணி தெறிக்கும்.”

“ஆழமான சிங்கி போட்டா தெறிக்காது.”

“ஆழமா போட்டா இன்னும் குனியணுமே!”

தேநீர்க் கோப்பையைக்கூடக் கழுவாத மனிதருக்கு இத்தனை அக்கறை எதற்கு? காசு செலவாகிறது என்பதை நேராகச் சொல்ல முடியாமல் சுற்றி வளைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை குத்தகையாளர் வந்தார். பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து நேராக, இஸ்திரி போட்ட சட்டையோடு. என் படத்தைப் பார்த்து, “தம்பி ரொம்ப அழகா வரைஞ்சிருக்கீங்க” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு படத்தை மடித்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

சிங்கிக்கு மேலே ஓர் ஆணி. அதில் சட்டி தேய்க்கும் நார் தொங்கியது. பக்கத்துச் சன்னல் விளிம்பில் சவர்க்காரக் கிண்ணம்.

“இந்த ஆணிய யாரு அடிச்சது?”

அம்மா அப்பாவைப் பார்க்க, குத்தகையாளர் அம்மா பக்கம் திரும்பினார்.

“ஆண்ட்டி, அந்த நார எடுங்க பாப்போம்.”

அம்மா போய் நுனிக்காலில் நின்று கையை நீட்டினார். விரலுக்கும் நாருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

“கரப்பான் ஏறுதுன்னு மேல மாட்டுனேன்” என்றார் அப்பா.

“சரி அங்கிள். மாட்டுனீங்க. எடுக்குறது யாரு?”

அப்பா சன்னல் வழியாக வெளியே பார்த்தார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “போதும்லா, சொல்லித் தொலைங்க!”

“என்னாத்த சொல்றது? நீ விடியக்காலைல அஞ்சு மணிக்கு வேன் ஏறிப் போயிருற. ராத்திரி சட்டி, காலச் சட்டி எல்லாம் அப்பிடியே கெடக்குமா? எறும்பு வராது?”

“ஆறு வருசமா இவருதான் கழுவுறாரு” என்றார் அம்மா என்னிடம். “நீ வந்தா மட்டும் தொடமாட்டாரு. படிச்ச புள்ள பாத்துட்டா என்னா நெனைக்கும்னு கூச்சம். நார எடுத்துக் கீழ வச்சிட்டு, பலகைய இழுத்துப் போட்டுருவாரு. இந்த வாரம் மறந்துட்டாரு.”

ஆறு வருடம். நான் பல்கலைக்கழகத்துக்குப் போன மாதம்தான் அம்மா கேண்டீன் வேலைக்குச் சேர்ந்தார். அதிலிருந்து வாரத்தில் ஐந்து நாள் எங்கள் வீட்டுச் சட்டிகளைக் கழுவியவர் இவர். எல்லாவற்றையும் அளக்கத் தெரிந்த நான் அளந்தது தப்பான ஆளை. முப்பது அங்குலத்தில் அந்தச் சிங்கியைக் கட்டியிருந்தால், தோட்டத்தில் பல வருடம் செம்பனைக் குலை வெட்டித் தள்ளிய அப்பாவின் முதுகு தினமும் அதன் மேல் வளைந்து நின்றிருக்கும்.

“ரெண்டு ஒசரமா கட்டலாம்” என்றார் குத்தகையாளர். “சமைக்கிறவங்களுக்கு ஒண்ணு, கழுவுறவங்களுக்கு ஒண்ணு. கல்ல ரெண்டா வெட்டி, வெட்டுன எடத்துல மழமழன்னு தேச்சிக் குடுக்கணும். அடிக்கட்டும் ரெண்டு. நானூத்தம்பது கூட ஆவும்.”

“ஒரு படிக்கு நானூத்தம்பதா! வேணாம், நான் குனிஞ்சே கழுவிக்கிறேன்.”

“குனிஞ்சிட்டு ராத்திரி முதுகு வலிக்கிதும்பீங்க” என்றார் அம்மா. “தைலம் தேய்க்கிறது யாரு? நான்தானே. கட்டுங்க தம்பி.”

மூவாயிரத்து எண்ணூற்றைம்பது. என் நாலாயிரத்துக்குள் அடங்கியது. அப்பாவுக்கு முழங்கையிலிருந்து நானே அளந்தேன். கையை விறைப்பாக வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார். கிளம்பும்போது குத்தகையாளரிடம் தணிந்த குரலில், “வெளிய சொல்லிக்க வேணாம் தம்பி” என்றார்.

மூன்று நாள் வேலை. இடித்த தூசு சாமி படம் வரை ஏறியது. பின்பக்கம் அடுப்பை வைத்து மூன்று நாளும் மீகோரேங் நூடுல்ஸ்தான். நான்காம் நாள் அம்மா பலகையில்லாமல் தரையில் நின்று சாம்பார் தாளித்தார். பலகை பூச்சட்டிக்கு அடியில் போய்விட்டது. சிங்கிக்கு மேலே புது டைல்ஸில் துளை போட்டு, பழைய உயரத்திலேயே ஒரு கொக்கி மாட்டிக் கொடுத்திருந்தார் குத்தகையாளர். அதற்குக் காசு வாங்கவில்லை.

தீபாவளி வந்தது. வந்தவர்கள் எல்லாரும் குசினியை எட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் படியைப் பற்றிக் கேட்டார்கள்.

“அதுவா, குத்தகைக்காரத் தம்பி அளவ மாத்தி எடுத்துட்டாப்ல” என்றார் அப்பா. மதியத்துக்குள் நான் அதை மூன்று முறை கேட்டுவிட்டேன்.

நான்காவது முறை, பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடமும் அவர் கணவரிடமும் அப்பா சொல்லிக்கொண்டிருந்தபோது, குசினி வாசலில் பிஸ்கட் டின்னோடு குத்தகையாளரே நின்றார்.

“அங்கிள்! என்னா இது? இதப் பாத்து நாலு பேரு வேல குடுப்பாங்கன்னு நெனச்சேன். நீங்களே என் பொழப்புல மண்ணப் போடுறீங்களே!”

அம்மா கோழிக் குழம்பைக் கிண்டாமல் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். அப்பா குத்தகையாளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு புதுச் சட்டையின் கைகளை மடித்தார். விருந்தாளிகள் சாப்பிட்டு வைத்த மங்குகளை அடுக்கித் தூக்கி, படியேறிய பக்கம் போய்க் குழாயைத் திறந்தார்.

“அளவு சரியாத்தான் எடுத்தாரு. இந்த வீட்டுல சட்டி கழுவுறவன் நானு. எனக்குத்தான் இந்த ஒசரம்.”

முதுகு நேராக இருந்தது.

ஆண்ட்டி கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பித் தன் கணவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். முறுக்கைக் கடித்த கணவரின் வாய் அப்படியே நின்றது.

“தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு எத்தன அங்குலம் வரும்?”

குத்தகையாளரின் ஜிப்பா பையிலிருந்து அளவு நாடா வந்தது. தீபாவளிக்குக்கூட அதைக் கொண்டு வந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அங்கிள் வேறு வழியில்லாமல் எழுந்து சுவரோரம் நின்றார். நாடா முழங்கைக்கு வந்ததும் யாருக்கும் தெரியாது என்று நினைத்து முழங்காலைக் கொஞ்சம் மடக்கினார்.

“நிமிந்து நில்லுங்க அங்கிள்” என்றார் அப்பா, மங்கு கழுவியபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல். “அளவு தப்பாப் போயிரும்.”